எட்டு நாற்காலி விருந்து

786

காரிமங்கலம்
22-3-1970

அன்பு மகன் காஜாவுக்கு அத்தா அப்துல் சுபான் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அம்மா, தங்கை வஹிதா மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், உடம்புக்கு மட்டும்தான் சொல்கிறேன், மற்றதைக் கீழே எழுதுகிறேன். அந்த ஊர்ப் பனியில் உனக்கும் நோய்நொடி வராமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன், அதில் இன்றைக்கும் குறை வைக்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை, தர்மபுரியில் டாக்டர் ஊசி போட்டார், இன்னும் உட்கார்ந்தபடிதான் தொழுகிறாள். இந்த வருஷம் சித்தேரி மலையில் புளி பாதிக் காய்ப்புத்தான், வந்ததும் சதை குறைந்து நார் மிகுந்த சரக்கு, போதாததற்கு உலுக்குகிற நேரத்தில் மழை பெய்து நனைத்துவிட்டது, நனைந்த புளி வைக்க வைக்கக் கறுத்துப்போகும் என்பது உனக்குத் தெரியும், மண்டியில் பாதிச் சரக்கை வாசலில் கொட்டி உலர்த்திக்கொண்டிருக்கிறேன். மலையிலிருந்து மாயவன் மட்டும் பழைய மாதிரி நல்ல காயாகப் பார்த்துக் கொண்டுவந்தான். வந்தவனை உட்காரவைத்துச் சோறு போட்ட பிறகுதான் தராசைத் தொட்டேன், முப்பது வருஷமாக என் வியாபாரம் அப்படித்தான், அதனால்தான் மலைக்காரர்கள் வழியில் உள்ள மண்டிகளையெல்லாம் தாண்டி என்னிடம் வருகிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்றுதான் வைத்துக்கொள், பெருமையாகத்தான் இருந்தேன், இந்த மாதம் வரைக்கும்.

அடுத்த விருந்துக்கு வேண்டும் என்று நீ கேட்ட மிளகாய்த்தூள், மல்லித்தூள், கொட்டை எடுத்த புளி, நெய் எல்லாவற்றையும் அம்மா தகர டப்பாக்களில் அடைத்து மேலே துணி தைத்துத் தயாராக வைத்துவிட்டாள். அந்தப் பார்சல் மூலையில் அப்படியே கிடக்கிறது. நான் தபாலில் சேர்க்கவில்லை, சேர்க்கப்போவதும் இல்லை. ஏன் என்று கேட்க உனக்கு வாய் இருக்காது, ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், உன் பக்கத்துக் கதையை நாலு பக்கம் எழுதிவிட்டாய், இங்கே அது என்ன செய்தது என்பது உனக்குத் தெரிய வேண்டாமா.

போன மாதக் கடைசியில் உன் கடிதம் கிடைத்தது. பர்மிங்காமில் தனி வீடு பிடித்து நான் வைத்த முதல் விருந்து அத்தா, மேலதிகாரி, அவர் மனைவி, ஆபீஸ்காரர்கள் ஐந்து பேர், என்னோடு எட்டுப் பேர், பிரியாணி நானே செய்தேன், ஆளாளுக்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள், இனி உனக்கு நல்ல காலம்தான் என்று அதிகாரி கையைக் குலுக்கினார் என்று எழுதி, போட்டோவும் வைத்திருந்தாய். மூன்று முறை படித்தேன். தலையில் புளிக்கூடை வைத்துக்கொண்டு மலையிறங்கி வந்தவன் மகன் மேசையில் வெள்ளைக்காரன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் என் கண் வியாபாரிக் கண். மூட்டையின் வாயைப் பார்த்தே அடியில் என்ன சரக்கு என்று சொல்லிவிடும். போட்டோவில் மேசை நடுவில் பிரியாணி ஆக்கிய தேக்சா இருந்தது, அதன் விளிம்பைச் சுற்றித் தம் போட்ட மாவு காய்ந்து ஒட்டியிருந்தது, கயிறு மாதிரி முறுக்கி ஒட்டிய மாவு. அப்படி முறுக்குகிற கை இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்று, நிக்காஹ் வீடுகளில் பிரியாணி ஆக்கிக்கொடுத்த நம் பண்டாரியின் கை. அவர் மௌத்தாகி மூன்று வருஷம் ஆகிறது, அந்தக் கைவாகு அவர் மகன் நூர் பாஷாவுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. உனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் சுட வைப்பது, அதிலும் பாத்திரத்தை அடிப்பிடிக்க விடுகிறவன் நீ. ஆக, ஆக்கியது நூர் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான் காஜா. வீட்டு மாப்பிள்ளையாக வரப்போகிறவனும் நீயும் அந்நிய ஊரில் ஒன்றாகச் சேர்ந்து முதல் விருந்து வைத்திருக்கிறீர்கள், பயல் விளையாட்டுக்கு அவன் பெயரை விட்டுவிட்டு நானே செய்தேன் என்று பீற்றிக்கொள்கிறான் என்று சிரித்துக்கொண்டேன்.

சிரித்தது மட்டுமா, அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் பின்தெருவுக்கு, நூருவின் அம்மா ஷரீபுன்னிசா வீட்டுக்கே போனேன். பாரும்மா, உன் மவன் கைவேலை, சீமைக்காரன் எப்படிச் சாப்புடறான் பாரு என்று நீட்டினேன். அவள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தாள். எல்லா முகத்தையும் பார்த்துவிட்டு, எம் புள்ள எங்கண்ணா நிக்கறான் என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று ஒரு பதில் வாயில் வந்தது, போட்டோ புடிச்சது அவனாத்தான் இருக்கும்மா, அதான் தெரியல என்று சொன்னேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

நூர் யார் என்பதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது பார், அதுதான் என் தலையெழுத்து. ஏழு வருஷத்துக்கு முன்னே போய் இரும்பு வார்ப்புப் பட்டறையில் நெருப்புக்கு முன்னால் நின்றவன், நீ கப்பல் இறங்கியபோது துறைமுகத்துக்கு வந்து கூட்டிப்போனவன். எட்டு மாதம் அவன் அறையில் இருந்தாய், ஒரே கட்டில், அவன் ராத்திரி வேலைக்குப் போகிற நேரம் நீ படுத்தாய், நீ வேலை தேடப் போகிற நேரம் அவன் படுத்தான், இதை எழுதியது நீயேதான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நம் வஹிதாவைக் கொடுக்கலாம் என்று போன நோன்புப் பெருநாள் கழித்து நான் வாயால் கேட்டு, ஷரீபுன்னிசா கண்ணீர் விட்டு, இரண்டு வீடும் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணினோம். வரும் வருஷம் அவன் லீவில் வந்ததும் நிக்காஹ் என்று பேச்சு. உனக்கும் எழுதினேன், நல்லதுதான் அத்தா என்று ஒரு வரி போட்டாய். அந்த ஒரு வரியிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இந்த மாதம் பத்தாம் தேதி நூருவின் கடிதம் வந்தது. ஷரீபுன்னிசாவுக்கு எழுத்துத் தெரியாது, மகன் கடிதமெல்லாம் என் மண்டி விலாசத்துக்குத்தான் வரும், நான்தான் எடுத்துப்போய் வாசித்துக் காட்டுவேன், அன்றைக்கும் போனேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு வழக்கம்போலக் கதவோரம் வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கம் முழுக்கப் பனி, பட்டறை, இருமல் குறைந்துவிட்டது இப்படி. பக்கத்தைத் திருப்பினேன். மேலேயே எனக்கு எழுதியிருந்தான், சுபான் மாமா, இதைப் படிப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், எங்கம்மாவுக்காக விடாமல் படித்துவிடுங்கள் என்று. கீழே கண்ணை ஓட்டினேன். ஓட்டிவிட்டு, வேற ஒண்ணும் இல்லம்மா, சலாம் சொல்லி முடிச்சிருக்கான் என்று மடித்தேன். ஆமாம், மடித்தேன். முப்பது வருஷத்தில் தராசில் ஒரு நாளும் விரல் வைக்காதவன் அன்றைக்கு வைத்தேன்.

எழுத்துத் தெரியாதவளுக்குக் கண் தெரியாதா. ரெண்டு பக்கமும் மசி தெரியுதுங்கண்ணா, நீங்க ஒரு பக்கத்துக்குத்தான் வாசிச்சீங்க, எடை குறையுதுங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவள் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு நான் எப்படி மறைப்பது. பிரித்துப் படித்தேன். அவன் எழுதியதை உனக்கும் இங்கே இறக்குகிறேன், நீ உன் கண்ணால் படிக்க வேண்டும்.

அம்மா, காஜா வீட்டில் விருந்து என்று கூப்பிட்டிருந்தான், கொஞ்சம் முன்னாலேயே வந்துடுங்க அண்ணே என்றான், பெண் எடுக்கிற வீட்டு அழைப்பு ஆயிற்றே என்று புதுக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பெட்டி மிட்டாயும் வாங்கிக்கொண்டு பகலிலேயே போனேன். அரிசியையும் கறியையும் காட்டி, நீங்கதான் இன்னிக்கு எம் மானத்தைக் காப்பாத்தணும் என்றான், கோட்டைக் கழற்றிவிட்டு ஆக்கினேன், அதில் எனக்குக் குறை இல்லை, அத்தா செய்த தொழில்தானே. வாசலில் மணி அடித்ததும், நாற்காலி எட்டுத்தாண்ணே இருக்குது, நீங்க இங்கயே இருந்துக்கங்க என்று சமையற்கட்டுக் கதவைச் சாத்தினான். யார் ஆக்கியது என்று அவர்கள் கேட்டார்கள், ஓட்டல் ஆள் ஒருத்தனைக் கூலிக்குப் பிடித்தேன் என்று சொன்னான், அது என் காதில் விழுந்தது. அதிகாரியின் மனைவி உள்ளே வந்து பாராட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் வந்து ஆக்கித் தருவாயா என்றாள், காஜா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே நான் அனுப்பிவைக்கிறேன் என்றான். அவர்கள் எழுந்திருக்கும் முன்னால் பின்கதவு வழியாக வந்துவிட்டேன். காஜா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளையாக மாலை போட்டு உட்கார்ந்தாலும் இனி என் கண் அந்தக் கதவைத்தான் பார்க்கும். வஹிதா சம்பந்தம் வேண்டாம் அம்மா. இதுதான் அவன் எழுதியது.

என் மகளை வேண்டாம் என்று எழுதியதை என் வாயாலேயே படித்து முடித்தேன். உன் அறிவுக்கு ஒன்று கேட்கிறேன். வாக்குக் கொடுத்துச் சர்க்கரை மாற்றிய பிறகு, மாப்பிள்ளை முறை ஆளை நம் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட விடமாட்டோமே, நாம்தான் மொண்டு கையில் கொடுப்போம், இது தெரியாத வீடா நம் வீடு. நீ அவனை அடுப்படியில் நிறுத்தினாய். ஆக்கச் சொன்னதைக்கூட அவன் பொறுத்தான், ஒன்பதாவது நாற்காலி இல்லை என்றாயே, அடுத்த வீட்டில் ஒரு நாற்காலி கேட்டு வாங்க முடியாதா, நீ நின்றுகொண்டு அவனை உட்காரவைக்க முடியாதா. விருந்து வைக்கிறவன் நிற்பதுதானே நம் வழக்கம், உட்காருவது எந்த ஊர் வழக்கம். கூலிக்கு ஆள் வைத்திருக்கிறவன் என்று அந்த அதிகாரிக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாய், அவனுடைய நெருப்புச் சுட்ட கையும் ஒட்டுப்போட்ட இங்கிலீஷும் உனக்குக் கூச்சமாக இருந்தது. நானே ஆக்கினேன் என்று எனக்கு எழுதினாய், அவர்களிடம் அவனைக் கூலிக்காரன் என்றாய், ஒரு தேக்சா பிரியாணிக்கு இரண்டு பொய். அழுகல் சரக்கை விற்கிறவன்கூட ஒரு பொய்தான் சொல்வான்.

இதோடு முடிந்திருந்தால் உன்னை மட்டும் திட்டி எழுதியிருப்பேன். ஷரீபுன்னிசா முறத்தை எடுத்தாள், வைத்தாள். நான்தான், அம்மா, பையன் அறியாத்தனமா செஞ்சுட்டான், நான் எழுதி மன்னிப்புக் கேக்க வெக்கறேன், சம்பந்தத்தை விட்றாதீங்க என்றேன். அதற்கு அவள் சொன்னாள், அறியாத்தனம் ஏதுங்கண்ணா, பாத்துக் கத்துக்கிட்டதுதான. உங்க பெரிய பொண்ணு கல்யாணத்துல எங்க வூட்டுக்காரரு காய்ச்சலோட ரெண்டு நாளு அடுப்பாண்ட நின்னாரு. சேலத்து வியாபாரிங்க, ஆபீசருங்க எல்லாம் முன்பந்தி. இவரு கடைசிப் பந்திக்கு வந்து நின்னப்ப சோறு தீந்துபோச்சுன்னாங்க. அடியில இருந்ததச் சொரண்டித் தூக்குப்போசியில போட்டுப் பின்வாசல் வழியா குடுத்தனுப்பினீங்க. நூரு அன்னிக்கு அங்கதான் தண்ணி ஊத்திட்டு இருந்தான், உங்க காஜாவும் அங்கதான் நின்னான். அப்ப நான் ஒண்ணுஞ் சொல்லல, கூலிக்குப் போனவருதானன்னு விட்டுட்டேன். எம் மவன் கூலிக்குப் போகலையேண்ணா என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. பொண்ணு தங்கமுங்க, அதுல ஒரு கொறையும் இல்லைங்க என்றும் சொன்னாள். நான் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, இனிமே லெட்டர் வந்தா யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்புங்க, ஸ்கூல் வாத்தியாரு வூட்டம்மாகிட்ட வாசிச்சுக்கறேன் என்றாள். ஏழு வருஷமாக அந்த வீட்டுப் பிள்ளையின் இருமலைக்கூட நான்தான் அவளுக்குச் சொன்னேன்.

வழியெல்லாம் அந்தக் கல்யாணத்தையே நினைத்துப் பார்த்தேன். சோறு தீர்ந்தது எனக்குத் தெரியும். பின்வாசல் வழியாகக் கொடு என்று சொன்னவன் நான்தான், முன்வாசலில் தாசில்தார் நின்றுகொண்டிருந்தார். பேசிய கூலிக்குமேல் கொடுத்தேன், அதோடு கணக்குத் தீர்ந்தது என்று இருந்தேன், அவர் முகம்கூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. மலையிலிருந்து வருகிற மாயவனுக்கு முதலில் சோறு போடுகிறேனே, அவனிடம் எனக்குச் சரக்கு வேண்டும், அதனால் போட்டேன் போலிருக்கிறது. ஆகையால் உன்னைத் திட்டுகிற உரிமையில் பாதியை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். மீதிப் பாதியை விடமாட்டேன், பண்டாரி எனக்குச் சமையல்காரர், நூர் உனக்குத் தன் படுக்கையைக் கொடுத்தவன், இரண்டும் ஒன்றாகாது.

இப்போது நீ செய்ய வேண்டியது. அவன் அறைக்குப் போ. மிட்டாய், துணிமணி என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதே, அவன் கொண்டுவந்த மிட்டாயை உன் விருந்தாளிகளுக்கு வைத்தாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வெறும் கையோடு போய்த் தப்பு என் மேல்தான் என்று சொல், அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நில். சம்பந்தம் திரும்பிவரும் என்று நினைத்துப் போகாதே, வராது, எனக்கு மனிதரைத் தெரியும். அதற்குப் பிறகு உன் அதிகாரியிடமும் போய், அன்றைக்குச் சமைத்தவன் கூலிக்காரன் இல்லை, என் தங்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை என்று சொல். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதிவைக்கிறேன், பின்னால் அத்தா சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது. அதைச் சொல்லாதவரை அந்த வீட்டில் அடுத்த விருந்து வைக்காதே, இந்த வீட்டு மிளகாய்த்தூளும் உனக்கு வராது.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் இரண்டு நாளாக உன் பெயரை எடுக்கவில்லை, மூன்றாம் நாள் குளிர் தாங்குவானோ என்றாள், தாய் அப்படித்தான். வஹிதா சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை, உன்னைத் திட்டவும் இல்லை. தலையணை உறைக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தாள், ஊசியைத் துணியிலேயே குத்தி மடித்து அலமாரியில் வைத்தாள். பிறகு என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அன்னிக்கு அவரு சாப்புட்டாராத்தா என்று. கடிதத்தை எடுத்து மறுபடியும் இரண்டு பக்கமும் தேடினேன், அதை நூர் எழுதவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், ஹலாலான ரிஸ்கையும், உண்ண நல்ல சோற்றையும், அதை யாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிற புத்தியையும் கொடுக்கட்டும், ஆமீன். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, வெள்ளிக்கிழமைத் தொழுகையை விடாதே. வேறு எதற்கும் பதில் போடாவிட்டாலும் போகிறது, தங்கை கேட்டதற்கு மட்டும் உண்மையாக எழுது. எட்டுப் பேர் சாப்பிட்ட அந்த வீட்டில் நூர் ஒரு வாய் சாப்பிட்டானா இல்லையா. அவள் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல் பக்கம் வந்து நிற்கிறாள்.

இப்படிக்கு,
உன் அத்தா
மூ. அப்துல் சுபான்
புளி மண்டி, காரிமங்கலம்